தீபத்தன்று உனக்கு இலை போட மாட்டேன்

நைனா,

இதெல்லாம் நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். மனதுக்குள் தெரிந்து வைத்துக்கொண்டு இப்போது வந்து பேசுகிறவன் இல்லை நான், அன்றைக்கே வாய்விட்டுச் சொன்னேன். ஆடி மாசம் நீ பெங்களூரிலிருந்து வந்து, நம் கடையில் முதல் டேபிளில் உட்கார்ந்து, ஒரே ஒரு இட்லியைப் பதினாறு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நகை வாங்குகிறவன்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் போட்டாயே, அப்போதே கல்லாவில் உட்கார்ந்தபடி உன் பெரியம்மாவிடம் சொன்னேன்: "இவன் தீபத்துக்குள்ள நம்மள அழ வெப்பான் பாரு." கேட்டால் அவள் இல்லை என்பாள். "நீ சொன்னது வயித்துல பூச்சி இருக்குது, வேப்பங்கொழுந்து அரைச்சிக் குடுன்னு. இப்ப கவர்னராட்டம் பேசாத" என்பாள். அவளுக்கு ஞாபகசக்தி கம்மி. நான் சொன்னபடிதான் ஒவ்வொன்றும் நடந்துகொண்டு வருகிறது. அடுத்து நடக்கப்போவதும் எனக்குத் தெரியும். அது நடக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இன்றைக்குக் கோயிலில் கொடி ஏறியது. காலையிலிருந்து தூறல். மலை பாதிக்குமேல் தெரியவில்லை. சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்த நேரத்தில் உன் குரல் வாட்ஸப்பில் வந்தது. "பெரியப்பா, கார்த்திகை ஒண்ணாந்தேதிலேருந்து வெறும் தண்ணிதான். இன்னியோட பதினோரு நாளு. பசின்னு ஒண்ணே கெடயாது பெரியப்பா, எல்லாம் மனசோட விளையாட்டு. தீபம் ஏத்தனதும் நேரா நம்ம கடைக்கு வந்துட்றேன். முழு இலை போட்டு வைங்க, வடை பாயசத்தோட. எங்கப்பா நாப்பது நாளு இருந்தாரே, நான் இருபது நாளு இருக்க மாட்டனா?" மூன்று தடவை போட்டுக் கேட்டேன். பசித்தவன் குரலில் ஒரு எரிச்சல் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு கெஞ்சல் இருக்கும். உன் குரலில் இரண்டும் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். முப்பது வருசத்தில் நம் கடைச் சாம்பாரில் உப்பு ஜாஸ்தியானது இன்றைக்குத்தான். சரி, மூன்றாவது தடவை.

உடனே போன் போட்டேன். "டேய், இன்னாடா இது? மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போடா" என்றேன். நீ சிரித்தாய். "பெரியப்பா, நீங்க எதையும் பத்து மடங்காதான் சொல்லுவீங்க. போன மழைக்குக் கடைக்குள்ள முதலை வந்துச்சின்னு சொன்னவருதான நீங்க?" "அது உடும்புடா." "அதான் சொல்றேன்" என்று வைத்துவிட்டாய். நான் பேசினால் கதை என்கிறாய். சரி, எழுதினால் என்ன சொல்வாய்? எட்டாங்கிளாஸ் பாதியில் விட்டவன் நோட்டு வாங்கி, பேனா வாங்கி, மதியப் பந்தி முடிந்த பிறகு எச்சில் துடைத்த டேபிளில் உட்கார்ந்து எழுதுகிறான் என்றால் அதில் விஷயம் இருக்கும் என்று நினைத்துக்கொள். பெரியம்மா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள். ஒரு நகல் எடுத்துக் கடைச் சுவரிலும் ஒட்டப்போகிறேன். இந்த மாசம் செங்கம் ரோட்டில் உன்னைப் போலவே தண்ணீர் பாட்டிலும் கண்ணில் ஒரு பளபளப்புமாகப் பத்துப் பேராவது திரிகிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

பசியைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற தகுதி இந்த ஜில்லாவில் யாருக்கும் கிடையாது. வெள்ளைக்காரன், வடநாட்டுக்காரன், கலெக்டர் ஆபீஸ் கிளார்க், காவி கட்டினவன், கிரிவலம் சுற்றிக் கால் வீங்கி வந்தவன் என்று லட்சம் பேருக்கு இலை போட்டிருக்கிறேன். ஒருவன் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே எத்தனை கரண்டி சோறு வாங்குவான் என்று சொல்லிவிடுவேன். ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு படித்த மனுசன் இதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஊருக்கு வா, காலேஜில் பாடம் எடு என்று காலில் விழாத குறையாகக் கூப்பிட்டான். கடையை யார் பார்ப்பது என்று விட்டுவிட்டேன். அதனால் நான் சொல்வதைப் பாடமாகவே எடுத்துக்கொள்.

நீ சொன்னதில் பாதி சரி. பசி மனசோடும் விளையாடும். தினமும் பன்னிரண்டேகாலுக்கு நான் எண்ணெயைக் காயவைத்து அதில் ஒரு கூடை வெங்காயத்தைக் கொட்டச் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? அந்த வாசனை ரோட்டைத் தாண்டி எதிர் லாட்ஜின் மாடிவரை போகும். அதுவரை பசிக்காதவனுக்கும் பசி வரும். வயிறும் கடிகாரம் பார்க்கும் நைனா. தினம் ஒரு மணிக்குச் சாப்பிடுகிறவனுக்கு ஒரு மணிக்குப் பத்து நிமிசம் முன்னாலேயே வாய் ஊறும். வேலை ஜாஸ்தியாகி இரண்டரை ஆகிவிட்டால் "பசி போயிடுச்சிங்க, ஒரு டீ போதும்" என்பான். பசி எங்கேயும் போகவில்லை, அலை மாதிரி வந்து மோதிவிட்டுத் திரும்பியிருக்கிறது, அடுத்த வேளைக்கு மறுபடி வரும். இந்த அளவுக்கு வந்து போகிற பசியை ஒருவன் அடக்கினால் ஒன்றும் ஆகாது. கிருத்திகை விரதம், ஏகாதசி, ரம்ஜான் நோன்பு எல்லாம் அப்படித்தான், பொழுது சாய்ந்தால் சோறு இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும்.

நீ இருப்பது அதில்லை. இரண்டு நாள், மூன்று நாள் தாண்டினால் பசி நின்றுவிடும். ஜெயித்துவிட்டோம் என்று தோன்றும். தலை லேசாகும், எல்லாம் துலக்கமாகத் தெரியும், தூக்கம் வேண்டியிருக்காது. உன் மாதிரி ஆட்கள் அதை ஞானம் என்று நினைத்து என்னிடமே வந்து சொல்கிறார்கள். தொட்டிலில் ஒரு குழந்தை பாலுக்கு அழுதுகொண்டே இருக்கிறது, யாரும் வரவில்லை, கடைசியில் அழுகை நின்றுபோகிறது. வீடு அமைதியாகிவிட்டது என்று சந்தோசப்படுவாயா, ஓடிப்போய்த் தொட்டிலைப் பார்ப்பாயா? உள்ளே உடம்பு என்ன செய்கிறது தெரியுமா? விறகு தீர்ந்த வீட்டில் முதலில் பழைய பெஞ்சை உடைத்து எரிப்பார்கள். பிறகு கதவை. பிறகு உத்தரத்தை. அடுப்பு எரிந்துகொண்டேதான் இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் புகை வரும். கொழுப்பைத் தின்று, சதையைத் தின்று, அதற்கப்புறம் நெஞ்சுக்குள் துடிக்கிற அந்தச் சதையையும் அது விட்டு வைக்காது.

தீபாவளிக்கு நீ வந்தபோதே எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. அப்போது ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன் என்றாய். மதிய வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றாய். கையைப் பிடித்தேன், பிரிட்ஜில் வைத்த வெண்டைக்காய் மாதிரி இருந்தது. வாளியை வாங்கிக்கொண்டு நீயே பரிமாறினாய், "இன்னும் கொஞ்சம் வாங்கிக்குங்க, இன்னும் கொஞ்சம்" என்று ஒவ்வொருவரையும் கெஞ்சினாய். பிறகு தூணில் சாய்ந்து அவர்கள் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். வாய் அசைகிறதே அதைப் பார்த்தாய். கடைக்கு வந்தவர்களே கூசிப்போனார்கள். பெரியம்மா பெருமைப்பட்டாள்: "புள்ளைக்கு இன்னா உபசாரம் பாருய்யா." நான் பெருமைப்படவில்லை. அதிலிருந்து தினமும் போனில் எனக்கு வீடியோ அனுப்புகிறாய்: ஆம்பூர் பிரியாணி தம் போடுவது, நெய்யில் மைசூர்பாகு பொங்குவது, ஆட்டுக்கால் பாயா. சோற்றை வெறுத்தவன் இதை அனுப்ப மாட்டான். மூளை முழுக்கச் சோறாக இருக்கிறவன்தான் அனுப்புவான். வயிறு வாயை மூடிக்கொண்டால் பசி மேலே ஏறித் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

போன வாரம் நித்யா எனக்குப் போன் பண்ணினாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், நான் சொல்கிறேன். தை மாசம் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண் அப்படி அழுதால் நான் மறைக்க முடியாது. "மாமா, ஓட்டல்ல எனக்கு நாலு ஐட்டம் ஆர்டர் பண்றாரு. எதிர்ல ஒக்காந்து நான் துன்றதயே பார்த்துகினு இருக்காரு. நான் நிறுத்தினா, சாப்பிடு சாப்பிடுங்கறாரு. அன்னிக்கி என் தட்டுல இருந்த எலும்ப எடுத்து மோந்து பார்த்துட்டு வெச்சிட்டாரு மாமா. எனக்கு பயமா இருக்குது." நான் வழக்கம்போல, "ஒண்ணும் இல்லம்மா, எங்க வம்சமே அப்படித்தான், எங்க தாத்தா ஆறு மாசம் காத்தை மட்டும் குடிச்சிகினு இருந்தாரு" என்று அடித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "மாமா, நீங்க வெளையாடாதீங்க. தலை சீவினா கொத்துக் கொத்தா வருது. படி ஏறினா நின்னு நின்னு ஏறுறாரு" என்றாள். அப்புறம் நானும் விளையாடவில்லை.

இப்போது என் பங்கைச் சொல்கிறேன். நீ இப்படி ஆனதில் எனக்குப் பங்கு இல்லை என்று நான் எந்தக் கோயில் வாசலிலும் சத்தியம் பண்ண முடியாது. மூன்று வயதில் என் கைக்கு வந்தாய். அப்போது கடைக்குப் பெயர்ப்பலகைகூடக் கிடையாது. உன்னை முதல் டேபிளில், ரோட்டைப் பார்க்க உட்கார வைத்து இலை போடுவேன். கொழுகொழு என்று இருப்பாய். போகிறவன் வருகிறவனிடம், "எங்க கடை போர்டே இவன்தாங்க, பாருங்க எப்படி இருக்கான்னு" என்பேன். அவர்கள் கன்னத்தைக் கிள்ளிவிட்டு உள்ளே வருவார்கள். "போதும் பெரியப்பா" என்று நீ கையை இலைமேல் மறைத்தால், கைமேலேயே சோற்றைப் போட்டுவிடுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். குழந்தைக்கு வயிறு நிறைந்தால் உள்ளே ஒரு மணி அடிக்கும். அது அடிக்க அடிக்க நான் அந்த மணியை அமுக்கி அமுக்கி வைத்தேன். ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் உன்னை "மெஸ் போர்டு" என்று கூப்பிடுகிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தாய். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பேரு கெடைக்கிறதே கஷ்டம்டா, சந்தோசப்படு" என்றேன். நிறைந்ததைச் சொல்கிற மணி கெட்டுப்போனவனுக்கு, காலியானதைச் சொல்கிற மணியும் ஒருநாள் கெட்டுப்போகும் என்று எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது என்று நானே எழுதுகிறேன், குறித்துக்கொள்.

இரண்டாவது பங்கு, உன் அப்பன் கதை. அதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன். உன் அம்மா காய்ச்சலில் போனபின் அவன் யாரோடும் பேசாமல், ஆசிரமத்துப் பக்கம் ஒரு வாடகை அறை எடுத்துக்கொண்டு, தண்ணீரும் துளசியுமாக நாற்பது நாள் இருந்தான், நாற்பத்தோராம் நாள் மலையிலிருந்து புலி மாதிரி இறங்கி வந்தான், மறுநாள் ஒரு மூட்டை அரிசியைத் தோளில் தூக்கினான், அடுத்த வருசம் மஞ்சக்காமாலை வராமல் இருந்திருந்தால் இன்றைக்கும் இருப்பான். தூங்கவைக்கச் சொன்னேன், உறவுக்காரர்களிடம் சொன்னேன், பெண் பார்க்கப் போன இடத்தில்கூடச் சொன்னேன். அரிசி மூட்டை சில சமயம் இரண்டாகும். நீ அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தாய். இப்போது அந்தப் புலியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறாய்.

உன்னிடம் சொல்லாத கதை ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. கடை ஆரம்பித்து நாலைந்து வருசம் இருக்கும். வடக்கேயிருந்து வந்த ஒரு ஆள் இதே செங்கம் ரோட்டில் ஒரு அறையில் தங்கி, யாரோடும் பேசாமல், உன்னைப்போலவே தண்ணீரில் நாள் ஓட்டினான். எத்தனை நாள் என்று யாரும் எண்ணவில்லை, ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். நான் பெரிய கணக்காகச் சொன்னேன். "எங்க கடைல சாப்ட்ட உடம்புங்க, அதான் தாங்குது" என்று விளம்பரமும் பண்ணினேன். லாட்ஜுக்கு வருகிறவர்களை அவன் அறை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பான். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிசாக இருந்தது.

தீபத்தன்று மலையில் ஜோதி தெரிந்ததும் அவன் எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து நம் கடைக்கு வந்தான். நம் பக்கத்தில் என்ன வழக்கம்? விரதம் முடிக்கிறவனுக்குத் தலைவாழை இலை போட்டு ஒன்றுவிடாமல் வைக்க வேண்டும், குறை வைத்தால் விரதத்துக்குக் குறை. நானா குறை வைப்பேன்? கூட்டம் சுற்றி நிற்கிறது. சர்க்கரைப் பொங்கல், வடை, பொரியல், கூட்டு, சோறு, பருப்பு, நெய், சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், பாயசம். அவன் இரண்டு வாய் வைத்துவிட்டு "போதும்ணா" என்றான். வந்த இடத்தில் நம் பேச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். "இன்னும் வாயே தொறக்கல, அதுக்குள்ள போதுமா? சாப்புடு" என்று இன்னொரு கரண்டி வைத்தேன். அப்புறம் அவனுக்குள் என்னவோ திறந்துகொண்டது. மெல்லவே இல்லை. வெல்லப்பாகும் சோறுமாக அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டான், கண்ணில் தண்ணீர் வழிந்தது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் கரண்டியோடு நிமிர்ந்து நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

மறுநாள் அவன் கால் வீங்கியிருந்தது. விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நின்றது. "சாப்பாடு ஒட்டுது பாரு, சதை வெச்சிடுச்சி" என்று சந்தோசப்பட்டு, பொங்கலும் வடையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கடுத்த நாள் மூச்சு வாங்கியது. பேச்சு குழறியது, என்னை யார் என்று கேட்டான். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது நெஞ்சு தாறுமாறாக அடித்துக்கொண்டிருந்தது. விடிவதற்குள் நின்றுவிட்டது. டாக்டர் சின்ன வயசுக்காரர். "நீங்கதான் சாப்பாடு போட்டதா?" என்றார். "ஆமாங்க, நல்லா சாப்ட்டான், ரெண்டு வாட்டி பாயசம்" என்றேன். "பட்டினி அவர கொல்லலிங்க. கஞ்சித் தண்ணில ஆரம்பிச்சி, இங்க வெச்சி, தினம் ரத்தம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தியிருந்தா பொழைச்சிருக்கலாம்" என்றார். நான் சண்டைக்குப் போனேன். "சோறு எங்கனா ஆளக் கொல்லுமா? இன்னா படிச்சிட்டு வந்து பேசற?" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. உட்காரவைத்துச் சொன்னார்.

அந்த வியாதியின் பெயர் என் வாயில் நுழையவில்லை. விஷயம் மட்டும் ஆணியடித்த மாதிரி நின்றுவிட்டது. சமையல்காரன் பாஷையில் சொல்கிறேன். பல நாள் மூடிக் கிடக்கிற மெஸ். சரக்கு அறையில் உப்பும் எண்ணெயும் அடிமட்டத்தில் இருக்கிறது. வாசல் விளக்கு மட்டும் கொஞ்ச எண்ணெயில் எரிகிறது. திடீரென்று கல்யாணப் பந்திக்கு ஆர்டர் வருகிறது. உள்ளே இருக்கிற அத்தனை அடுப்பும் ஒரே நேரத்தில் மூண்டு, இருக்கிற உப்பையும் எண்ணெயையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போகிறது. வாசல் விளக்கு அணைந்துவிடுகிறது. பட்டினி கிடந்த உடம்பில் சோறும் சர்க்கரையும் வெள்ளமாக இறங்கினால், ரத்தத்தில் மிச்சமிருக்கிற உப்புச் சத்தெல்லாம் அப்படித்தான் உள்ளே இழுக்கப்பட்டுவிடுமாம். நெஞ்சு துடிப்பதற்கு அந்தச் சத்து வேண்டும். மூச்சு இழுப்பதற்கும் வேண்டும். பட்டினி கிடக்கும்வரை ஆள் நடமாடுவான். சாப்பிட்ட பிறகுதான் விழுவான். உன் போனில் இருக்கிற ஆட்கள், எத்தனை நாள் இருந்தோம் என்று படம் போடுகிறவர்கள், இதைச் சொல்கிறார்களா?

அதனால் கேள். தீபத்தன்று உனக்கு நான் இலை போட மாட்டேன். பைத்தியக்காரனுக்குப் போட்டிருக்கிறேன், குடிகாரனுக்குப் போட்டிருக்கிறேன், என்னை அடிக்க வந்தவனுக்குக்கூட முதலில் இலை போட்டுவிட்டு அப்புறம் சண்டை போட்டிருக்கிறேன். உனக்குப் போட மாட்டேன். கடை வாசலில் வந்து நின்றால் ஷட்டரை இறக்கிவிடுவேன். பயந்துபோய் இன்றைக்கே நீயாகப் பிரியாணியை எடுத்து வைத்துக்கொண்டு உட்காராதே, அதுவும் அதேதான். நித்யாவைக் கூட்டிக்கொண்டு நாளைக்குக் காலையில் பெரிய ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போ. இத்தனை நாள் தண்ணீரில் இருந்தேன், அதற்கு முன்னால் மாசக்கணக்காக ஒரு வேளைதான் தின்றேன் என்று ஒளிக்காமல் சொல். நீ கணக்கைக் குறைத்துச் சொல்வாய் என்று தெரியும், அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள். படுக்கச் சொன்னால் படு. ஊசி போட்டால் போட்டுக்கொள். ரெண்டு கரண்டி கஞ்சி என்று அளந்து கொடுத்தால் ரெண்டு கரண்டியோடு நிறுத்து. மனசையும் பார்க்கிற டாக்டர் ஒருவர் வேண்டும் என்று நித்யா சொல்கிறாள். அதற்கும் போ. நம் வீட்டில் யாருக்கும் மனசு கெட்டதில்லை என்று நான் எங்கேயும் பீற்ற மாட்டேன். கல்யாணம் தையில் இல்லாவிட்டால் வைகாசியில் நடக்கட்டும். மண்டபக்காரனிடம் நான் பேசிக்கொள்கிறேன், அவன் என்னிடம் வாய் கொடுக்க மாட்டான்.

நீ என்ன பதில் சொல்வாய் என்பதும் எனக்குத் தெரியும். "அவன் யாரோ வடக்கத்தியான் பெரியப்பா, அவன் உடம்பு வேற. எனக்கு எங்கப்பா உடம்பு. நாப்பது நாள் தாங்குன ரத்தம்" என்பாய். எதிரில் பெரியம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவ்வளவையும் வாசித்துக் காட்டினேன். "எழுதுய்யா. இத்தினி வருசம் ஊருக்கு நீ சொன்ன எதுக்கும் நான் குறுக்க பேசல. இத எழுதலன்னா நான் எழுதுவேன்" என்கிறாள். அவளுக்குப் பேனா பிடிக்கத் தெரியாது. ஆனாலும் எழுதிவிடுவாள்.

நைனா, நான் முதலையும் புலியும் அரிசி மூட்டையுமாக எவ்வளவோ விட்டிருக்கிறேன். அதில் எதனாலும் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை என்று நினைத்திருந்தேன். இலை போட்டது நிஜம். கைதட்டியது நிஜம். கால் வீங்கியது, ஆட்டோ, அந்த டாக்டர் சொன்னது எல்லாம் எழுதியபடியே நிஜம். ஒன்றை மட்டும் மாற்றி எழுதினேன். வடக்கேயிருந்து ஒருவரும் வரவில்லை. மஞ்சக்காமாலையும் வரவில்லை. அந்த இலையில் உட்கார்ந்திருந்தது என் தம்பி, உன் அப்பன்.